பக்கத்துப் பட்டறையிலிருந்து தொடங்குங்கள்: சிறுதொழில் நடத்துவோர் தொழில் உறவுகளை வளர்க்கும் முறை

கோயம்புத்தூரில் லேத் பட்டறை தொடங்குகிறவர் முதலில் இயந்திரத்தை வாங்குகிறார். பிறகு மின் இணைப்புக்கு அலைகிறார். அதன் பிறகு விசிட்டிங் கார்டு அச்சடித்துக்கொண்டு பெரிய கம்பெனிகளின் கொள்முதல் அதிகாரிகளைப் பார்க்கப் புறப்படுகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கணபதிப் பகுதியில் ஒரு வாடகைக் கொட்டகையில் இரண்டு லேத்துகளைப் போட்டு, பம்ப் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் (சுழல்தண்டு) கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் வேலையை, அதாவது கம்பெனிகளுக்காகக் கூலிக்குச் செய்யும் வேலையை, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறேன். ஆர்டர்களைக் குறித்து வைத்த பழைய நோட்டுகளை இன்று புரட்டும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. கார்டு கொடுத்துப் பிடித்த வாடிக்கையாளர்களில் நிலைத்து நின்றவர்கள் மிகச் சிலர். பக்கத்துப் பட்டறைக்காரரோ, டூல் கடைக்காரரோ, ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவரோ வாய்வார்த்தையாகச் சொல்லி வந்தவர்களே பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று தங்கினார்கள். ஆகவே, ஐந்து பேர் முதல் பதினைந்து பேர் வரை வேலை செய்யும் சிறிய யூனிட்டை நடத்துகிறவர் தொழில் தொடர்புகளை எங்கே தொடங்கி எப்படி வளர்க்க வேண்டும் என்பதை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

தெருவை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கோவையின் தொழில் அமைப்பே ஒருவரை ஒருவர் நம்பி நிற்கும் விதத்தில் உருவானது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு இங்கே பஞ்சாலைகள் பெருகின; ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் வந்தன; கிணற்றுப் பாசனத்துக்குப் பம்பும் மோட்டாரும் தேவைப்பட, பவுண்டரிகள் வளர்ந்தன. இன்றும் ஒரு மோனோபிளாக் பம்ப் முழுமையாக வெளியே வருவதற்குப் பேட்டர்ன் செய்கிறவர், வார்ப்பவர், கடைகிறவர், ஷாஃப்ட்டை கிரைண்டிங் செய்கிறவர், கீவே (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டுகிறவர், ரோட்டார் வார்ப்பவர், வைண்டிங் கட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர் என்று பல கைகள் சேர வேண்டியிருக்கிறது. இத்தனையையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் சிறிய யூனிட் எதுவும் கிடையாது. அப்படியானால் உங்கள் தெருவில் இருக்கும் பட்டறைக்காரர் ஒன்றிரண்டு வேலைகளில் உங்களுக்குப் போட்டியாளராக இருந்தாலும், மற்ற எல்லா வேலைகளிலும் உங்களிடம் இல்லாத இயந்திரத்தை வைத்திருக்கும் கூட்டாளி என்றே பொருள்.

ஒரு தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் பட்டறைகளுக்கு வாரம் இரண்டு வீதம் நேரில் சென்று வாருங்கள். காலையில் போகாதீர்கள், அது செட்டிங் போடும் நேரம், அதாவது இயந்திரத்தை வேலைக்குத் தயார் செய்யும் நேரம். சனிக்கிழமையும் வேண்டாம், வாரச் சம்பளம் பட்டுவாடா செய்யும் நாளில் யாருக்கும் பேச மனம் இருக்காது. மாலை நான்கு மணி டீ நேரம்தான் ஏற்றது. போனவுடன் வேலை கேட்காமல், நான்கு செய்திகளை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய இயந்திரத்தில் எவ்வளவு விட்டம், எவ்வளவு நீளம் வரை பிடிக்கலாம். எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அவரால் சிரமமில்லாமல் அளவு காக்க முடியும். தன்னால் முடியாத வேலை வந்தால் யாரிடம் அனுப்புகிறார். எந்த வேலை வந்தால் வேண்டாம் என்பார்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை என்றாலே ஒதுங்குகிறவர் இருப்பார். பத்துப் பீஸ், இருபது பீஸ் என்று வரும் சில்லறை வேலையை வெறுப்பவர் இருப்பார். அவர் வேண்டாம் என்று தள்ளும் வேலை உங்களுக்குப் பொருத்தமாக இருந்தால், அடுத்த முறை அது அவர் வாசலுக்கு வரும்போது உங்கள் பெயர் அவர் வாயில் வர வேண்டும். இந்தச் சந்திப்பின் நோக்கம் அதுவே.

பெயர் தானாக வந்துவிடாது. முதலில் நீங்கள் அனுப்ப வேண்டும். உங்களால் செய்ய முடியாத வேலையோடு ஒருவர் வந்து நின்றால், வாங்கிப் போட்டுக்கொண்டு யாரிடமோ கொடுத்து இடையில் லாபம் வைக்கும் பழக்கத்தை விட, அவர் முன்னிலையிலேயே நோட்டைப் பிரித்துப் போன் செய்வது நல்லது. "அண்ணா, ஒரு பார்ட்டி வந்திருக்காருங்க. ஷாஃப்ட்ல கீவே வெட்டணுமாம், நாப்பது பீஸ் இருக்குது. எங்ககிட்ட அந்த மெஷின் இல்லீங்க. உங்ககிட்ட அனுப்பட்டுங்களா?" என்று அரை நிமிடம் பேசினால் போதும். வந்தவர் உங்கள் நேரத்தை மறக்க மாட்டார். மறுமுனையில் இருப்பவரும் மறக்க மாட்டார். இதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கமிஷன் வாங்கிய நாளோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. வாங்காமல் விட்டால் அது ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்கிறது. மற்றவரிடமிருந்து உங்களுக்கு வேலை வந்தால், அவருடைய கம்பெனிக்குள் அவருக்குத் தெரியாமல் நுழைந்து, அவர் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ரேட் கொடுக்காதீர்கள். ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்து அப்படி ஒரு ஆர்டரைப் பிடித்தவரைத் தெரு முழுவதும் அறியும். அவருக்கு நெருக்கடி வரும் இரவில் மரை வெட்டும் டேப் ஒன்று கடன் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

கார்டு வைத்திருக்காதவர்கள்

கம்பெனிகளில் கொள்முதல் மேலாளர் ஆர்டர் போடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வேலையைப் பற்றி அவருக்குச் சொல்கிறவர்கள் வேறு: ஸ்டோரில் மெட்டீரியல் எண்ணி வாங்குகிறவர், பெட்டியைத் திறந்து அளக்கும் தரப் பரிசோதகர், அசெம்பிளி லைனில் பேரிங்கை ஏற்றுகிறவர். ஸ்டோர்காரரைப் பொறுத்தவரை நல்ல சப்ளையர் என்பவர் யார் தெரியுமா? சரக்கோடு போகும் சீட்டான சலானில் எழுதிய எண்ணிக்கையும் தட்டில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறவர். பாகங்களைத் துருப் பிடிக்காதபடி எண்ணெய் தடவி, ஒரே எண்ணிக்கையில் தட்டுகளில் அடுக்கி அனுப்புகிறவர். நான் ஒவ்வொரு தட்டிலும் சரியாக 25 ஷாஃப்ட் அடுக்கி, மேலே பாகத்தின் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டை வைத்து அனுப்பத் தொடங்கிய பிறகு, அந்தக் கம்பெனியின் ஸ்டோரில் என் வண்டி காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. அதற்காக நான் யாருக்கும் தீபாவளி இனிப்பு கொடுத்ததில்லை.

கம்பெனி கொடுத்த மூலப்பொருளில் வேலை செய்யும்போது, விழும் ஸ்கிராப்புக்கும் கணக்குக் காட்டுங்கள். ஜாப் ஒர்க்குக்கு வந்த மூலப்பொருளை ஓர் ஆண்டுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. எனவே கம்பெனியின் கணக்குப் பிரிவு எப்படியும் ஒருநாள் உங்கள் சலான்களைக் கூட்டிப் பார்க்கும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் மாதக் கடைசியில் வந்தது, போனது, ரிஜெக்ட் ஆனது, மீதி நிற்பது என்று நான்கு வரியில் ஒரு கணக்கை அனுப்பிவிடுகிறவரைக் கணக்குப் பிரிவே பரிந்துரைக்கும்.

இன்சர்ட், டிரில் போன்ற வெட்டுக் கருவிகளை விற்க வரும் விற்பனைப் பிரதிநிதியும் முக்கியமானவர். வாரம் முழுவதும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கும் அவருக்கு யாரிடம் புது இயந்திரம் வந்திருக்கிறது, யாரிடம் வேலை குவிந்து கிடக்கிறது என்பது தெரியும். அடுத்தவர் ரேட் என்ன என்று அவரிடம் கேட்பது தவறு. உங்கள் ரேட்டும் அதே வழியில் வெளியே போகும். "எங்ககிட்ட ரெண்டாவது ஷிஃப்ட் காலியா இருக்குதுங்க" என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். அவருடைய பில்லைத் தள்ளிப்போடாமல் கொடுப்பதும் இதில் அடக்கம். ஆடிட்டர், வங்கியில் சிறுதொழில் கடன் பார்க்கும் அதிகாரி, வண்டிக்காரர் ஆகியோரைப் பற்றியும் இதையே சொல்லலாம், விரிக்க வேண்டியதில்லை.

சூடாக அளந்த ஷாஃப்ட்

எந்தச் சந்திப்பையும் விட ஒரு கெட்ட செய்தியை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதே உங்கள் பெயரைத் தீர்மானிக்கும். எனக்கு நேர்ந்த ஒன்றை விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு பம்ப் கம்பெனிக்கு 400 ஷாஃப்ட் கொடுக்க வேண்டியிருந்தது. 6205 பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 25.002 மி.மீ. முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம், அதற்குக் கீழே போனால் பேரிங் தளர்ந்துவிடும். இரவு ஷிஃப்டில் கிரைண்டிங் முடிந்து, காலை எட்டு மணிக்கு வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். வழக்கப்படி ஒரு தட்டிலிருந்து இரண்டு ஷாஃப்டை எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்தேன். ஒன்று 24.999, மற்றொன்று 24.998. ஆபரேட்டரின் குறிப்பேட்டில் எல்லாம் 25.006, 25.008 என்றே இருந்தது. அவர் பொய் எழுதவில்லை. குளிர்விக்கும் திரவம் வரும் கூலன்ட் குழாய் பாதி அடைத்துக்கொண்டதால் ஷாஃப்ட் சூடேறியிருக்கிறது; இயந்திரத்திலிருந்து இறக்கியவுடன் சூட்டோடு அளந்திருக்கிறார். 25 மி.மீ. விட்டமுள்ள எஃகு, 30 டிகிரி சூடு ஏறினால் எட்டு ஒன்பது மைக்ரான் விரியும். ஆறியதும் அந்த அளவு சுருங்கிவிடும். வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக அளந்ததில் 140 ஷாஃப்ட் அளவுக்குக் கீழே நின்றன.

அளந்து முடிப்பதற்கு முன்பே, எட்டேகால் மணிக்கே, தரப் பரிசோதனை அதிகாரிக்குப் போன் செய்துவிட்டேன். என்ன நடந்தது, எத்தனை பீஸ் என்று எப்போது உறுதியாகச் சொல்ல முடியும், முந்தைய வாரம் அனுப்பிய சரக்கில் இந்தக் குறை இருக்க வாய்ப்புண்டா, எப்போது சரியான சரக்கு வந்து சேரும் என்ற நான்கையும் சொன்னேன். நல்ல 260 ஷாஃப்டும் அன்று மதியமே போயின. மீதமுள்ளவற்றில் பேரிங் இடத்தில் ஹார்டு குரோம் பூசி மறுபடி கிரைண்டிங் செய்ய அனுமதி கேட்டேன்; அவருடைய பொறியியல் பிரிவு எழுத்தில் ஒப்புதல் கொடுத்தது. குரோம் பூசுகிறவர் என் தெரு நோட்டில் இருந்தார். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார். செலவு முழுவதும் என்னுடையது. அந்த மாதம் எனக்கு லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த அதிகாரி வேறொரு கம்பெனிக்கு மாறினார். சேர்ந்த இரண்டாவது வாரம் அவரே போன் செய்து, "இங்க ஒரு ஷாஃப்ட் சப்ளையர் வேணும். உங்க மெஷின் கெபாசிட்டி விவரம் அனுப்புங்க" என்றார். அந்தக் கம்பெனியோடு எனக்குப் பல ஆண்டுகள் வேலை நடந்தது. கம்பெனிகள் இடம் மாறுவதில்லை, ஆட்கள் மாறுகிறார்கள். அவர்கள் மாறும்போது உங்களைப் பற்றிய நினைவையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனவே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வேலை மாறியதாகக் கேள்விப்பட்டால், வாழ்த்துச் சொல்ல ஒருமுறை போன் செய்யுங்கள். அந்தப் பேச்சில் ஆர்டர் கேட்காதீர்கள்.

கெட்ட செய்தியைச் சொல்லும் முறையில் இன்னும் இரண்டு குறிப்புகள் உண்டு. முதலில் போனில் பேசிவிட்டு, பிறகு அதையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதி அனுப்புங்கள். செய்தியை மட்டும் அனுப்பிவிட்டுப் போனை எடுக்காமல் இருப்பவரை யாரும் மன்னிப்பதில்லை. காரணத்தை முதலில் சொல்லாதீர்கள். கரண்ட் போனது, ஆள் வரவில்லை என்று தொடங்கினால், கேட்பவருக்கு அவருடைய அசெம்பிளி லைன் நிற்குமா நிற்காதா என்பது கடைசி வரை தெரிவதில்லை. தேதியையும் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, அவர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

சங்கமும் கண்காட்சியும்

தெருவைத் தாண்டிப் போகும் காலம் வரும்போது தொழில் நடத்துவோரின் சங்கங்கள் உதவும். கோவையில் 1969 முதல் இயங்கும் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா போன்ற அமைப்புகளில் உறுப்பினராவதை வெறும் சான்றிதழாக நினைக்காதீர்கள். பெரிய கூட்டங்களில் முன்வரிசையில் அமர்வதால் பயன் குறைவு. ஒரு துணைக் குழுவில் சேர்ந்து, கண்காட்சி ஏற்பாட்டிலோ பயிற்சி வகுப்பிலோ ஒரு வேலையைப் பொறுப்பேற்று முடித்துக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறீர்களா, ஏற்ற வேலையை முடிக்கிறீர்களா என்பதைப் பத்துத் தொழிலதிபர்கள் கூடவே இருந்து பார்ப்பார்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைக்காது.

அவிநாசி சாலை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சிகளுக்குப் போகும்போது, ஸ்டால் போட வசதி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பார்வையாளராகப் போய் வேலை பிடிக்கலாம். இரண்டு பொருள்களைக் கையில் வைத்திருங்கள். ஒன்று, நீங்கள் செய்த பாகங்களில் கடினமானது ஒன்று. வாடிக்கையாளரின் அனுமதியோடு, அவர் பெயரும் பாக எண்ணும் தெரியாதபடி. இன்னொன்று, ஒரே பக்கத்தில் அச்சடித்த தாள். அதில் இயந்திரங்களின் பட்டியல், பிடிக்கக்கூடிய அதிகபட்ச விட்டமும் நீளமும், வழக்கமாகக் காக்கும் அளவுத் துல்லியம், வைத்திருக்கும் அளவுக் கருவிகள், உத்யம் எண் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு எண்), ஜிஎஸ்டி எண், மாதத்தில் காலியாக இருக்கும் மணிநேரம் ஆகியவை இருக்கட்டும். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற வரிக்கு அதில் இடம் தர வேண்டாம். காலியாக இருக்கும் மணிநேரம் என்ற ஒரே ஒரு வரி, படிக்கிறவரை நின்று யோசிக்க வைக்கும். முதல் நாளிலோ கடைசி நாள் மாலையிலோ போங்கள். நடு நாள்களின் கூட்டத்தில் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. ஒருவரிடம் பேசி முடித்தவுடன், அவருடைய கார்டின் பின்புறத்தில் அவர் சொன்ன தேவையை இரண்டு வார்த்தையில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஐம்பது கார்டுகளை மேசையில் பரப்பினால் யார் எதைக் கேட்டார் என்பது நினைவுக்கு வராது.

இரண்டு நாளுக்குள் எழுதும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். "வணக்கம் சார். சனிக்கிழமை இன்டெக்கில் உங்களைச் சந்தித்தேன். 32 மி.மீ. எஸ்.எஸ். ஷாஃப்டில் சுழலும்போது ஆட்டம் வருவதாகச் சொன்னீர்கள். டிராயிங் அனுப்பினால் ஐந்து பீஸ் மாதிரி செய்து, அளவு அறிக்கையோடு தருகிறோம்" என்பது போல, அவருடைய பிரச்சினையில் தொடங்கி நீங்கள் செய்யப்போகும் ஒரு செயலில் முடிய வேண்டும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புவது தொடர்பை வளர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள்; அப்படி அனுப்புகிறவர்களின் செய்திகள் திறக்கப்படாமலே கிடக்கின்றன, அவற்றோடு ஒருநாள் முக்கியமான செய்தியும் கிடக்கும்.

வாராந்திரக் காலைக் கூட்டங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பிஎன்ஐ இவற்றில் பரவலாக அறியப்பட்டது; ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே உறுப்பினர் என்பது அதன் அடிப்படை விதி. இன்டீரியர், அச்சகம், காப்பீடு, ஆடிட்டிங் போல எல்லோருக்கும் தேவைப்படும் சேவையை விற்கிறவர்களுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. பம்ப் கம்பெனிகளுக்கு மட்டும் ஷாஃப்ட் கடைகிறவருக்கு, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரில் அவருடைய வாடிக்கையாளரை அறிந்தவர் எத்தனை பேர் என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். விருந்தினராக ஓரிரு முறை போய்ப் பாருங்கள். வாரம் ஒரு காலை என்பது ஆண்டுக்கு ஐம்பது காலைகள்.

உறவும் பணமும்

நல்ல உறவு கெடுவது பெரும்பாலும் பாக்கியில்தான். தெரிந்தவர் என்பதற்காக ரேட்டைக் குறைத்துவிட்டு, பிறகு கட்டுப்படியாகாமல் வேலையைத் தள்ளிப்போட்டு, இரண்டு பக்கமும் மனக்கசப்போடு பிரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்கு மருந்து, மெஷின் ஹவர் ரேட்டைத் தெரிந்து வைத்திருப்பது. உதாரணமாக, கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு சிஎன்சி இயந்திரத்துக்குத் தவணை, வாடகையின் பங்கு, சம்பளம், மின்சாரம், டூல் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.1,20,000 ஆகிறது என்று வையுங்கள். இரண்டு ஷிஃப்டில் நாளுக்கு 16 மணி நேரம், 25 நாள் என்றால் 400 மணி நேரம். செட்டிங், பழுது, ஆள் வராத நாள் போக உண்மையில் 300 மணி நேரமே ஓடும். அப்படியானால் ஒரு மணிக்கு ரூ.400 என்பது உங்கள் அடக்கம். லாபம் அதற்கு மேலேதான். 400 மணி நேரத்தால் வகுத்து ரூ.300 என்று கணக்குப் போட்டவர், நண்பருக்காக அதிலும் குறைத்தால், ஒவ்வொரு மணிக்கும் கையிலிருந்து நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டே வேலை செய்கிறார். நண்பருக்கு உதவ விரும்பினால் ரேட்டில் கை வைக்காமல், அவசர வேலையை முன்னுக்கு எடுத்துச் செய்து கொடுங்கள்.

வசூலில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதை அறிந்து, அதை எடுத்தவுடன் வீசாமல் இருப்பது ஒரு பக்குவம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் மாதக் கூட்டு வட்டி சேரும். இதற்குமேல், 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) என்ற வருமான வரிப் பிரிவு, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்றாக்கியது. அதன் பிறகு மார்ச் மாதத்தில் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளே பாக்கியைத் தேடிப்பிடித்துத் தீர்ப்பதைக் கண்டேன். இந்தப் பயன் கிடைக்க உத்யம் பதிவு முதலில் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பெரிய கம்பெனியிடம் பாக்கி நிற்கிறதென்றால் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைத் தள்ளுபடிக்கு வைத்து, சிறு தொகை கழித்துக்கொண்டு வங்கியிடம் முன்கூட்டியே பணம் பெற முடியுமா என்று கேளுங்கள். ஆண்டு விற்றுமுதல் ரூ.250 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் அதில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறது. எதுவும் பலிக்காத நிலையில், தாமதமாகும் பாக்கிகளுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். அது மாநில அரசின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். அந்தப் படியை எடுத்தால் பெரும்பாலும் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதையும் தெரிந்துகொண்டே எடுங்கள். நான் ஒருமுறை, பதினான்கு மாதப் பாக்கிக்காக எடுத்தேன். பணம் வந்தது, வேலை நின்றது, அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் கேட்பதற்குத் தகுதியுடையவராகவும் இருக்க வேண்டும். மாதாந்திரமாக ஜிஎஸ்டி கணக்கு கொடுப்பவர் மறுமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யாவிட்டால், உங்கள் பில்லுக்கான வரி வரவு 14ஆம் தேதி வெளியாகும் வாடிக்கையாளரின் 2பி என்ற வரி வரவு அறிக்கையில் வராது. அவர் அந்த மாதம் தன் கையிலிருந்து வரி கட்ட வேண்டியிருக்கும். பத்தாயிரம் ரூபாய் வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போனதற்காகச் சப்ளையரை மாற்றிய கணக்காளர்களை அறிவேன். அதேபோல, உங்களுக்குப் பணம் வந்தால்தான் குரோம் பூசுகிறவருக்குப் பணம் என்று சொல்லாதீர்கள். 45 நாள் என்ற நியாயம் அவருக்கும் உண்டு.

ஒரே கம்பெனியை நம்பி நின்ற ஆண்டு

ஒரு காலகட்டத்தில் என் வேலையில் முக்கால் பங்கு ஒரே கம்பெனியிடமிருந்து வந்தது. நல்ல கம்பெனி, நல்ல மனிதர்கள். அவர்கள் ஒரு மாடலை நிறுத்தியபோது யாருடைய தவறும் இல்லாமல் என் இயந்திரங்கள் ஏழு வாரம் சும்மா நின்றன. வேலை நிறைந்திருந்த இரண்டு ஆண்டுகளில் நான் தெருவுக்குள் நடப்பதை நிறுத்தியிருந்தேன். சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை. டூல் கடைக்காரரிடம் நின்று பேசவில்லை. வேலை இல்லாத நாளில் போய் நின்றபோது, "இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டார், அந்தக் கேள்வி நியாயமானது. அன்றிலிருந்து ஒரு கம்பெனியின் பங்கு மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினால், புதிய ஆர்டரை அதே கம்பெனியிடம் கூட்டுவதற்கு முன் வேறிடத்தில் தேடுவது என்று வைத்துக்கொண்டேன். வேலை நிறைந்திருக்கும் வாரத்திலும் மாலை நான்கு மணி நடை ஒன்று கட்டாயம்; நோட்டில் ஒரு வரியாவது கூட வேண்டும்.

பட்டறையை விட்டுப் போகிறவர்

கோவையின் பாதிப் பட்டறைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒரு காலத்தில் இன்னொரு பட்டறையில் ஆபரேட்டராக நின்றவர்கள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். உங்களிடம் எட்டு ஆண்டு வேலை செய்த ஒருவர் தனியாக ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொல்லும் நாளில் மனம் சுருங்குவது இயல்பு. பழகிய வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற அச்சமும் வரும். நான் அந்த நாளில் உட்கார வைத்து இரண்டு விஷயங்களை வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன்: நமக்குள் எந்தக் கம்பெனிகளுக்கு அவர் போகக் கூடாது, எந்த வேலையை நான் அவருக்குத் தர முடியும். சூட்டோடு ஷாஃப்டை அளந்த அதே ஆபரேட்டர், இன்று சின்னவேடம்பட்டியில் சொந்தமாக இரண்டு கிரைண்டிங் இயந்திரங்கள் வைத்திருக்கிறார். அவருடைய மேசையில் ஷாஃப்டுகளை ஆறப்போடும் தட்டு ஒன்று தனியாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்துத்தான் அளக்கிறார். என் கிரைண்டிங் வேலையில் பாதி அவரிடம்தான் போகிறது.

அப்படிப் போகிறவருக்கு முதல் ஆர்டரை நீங்களே கொடுங்கள். அவருக்கு நன்கு பழக்கமான பாகமாகவும், சிறிய எண்ணிக்கையாகவும் அது இருக்கட்டும். மெட்டீரியலை முறையான சலானோடு அனுப்புங்கள். ரேட்டைப் பேச்சில் விடாமல் எழுதிக் கொடுங்கள். முதல் மூன்று மாதங்களுக்கு 45 நாள், 15 நாள் என்று பார்க்காமல் அவருடைய பில்லை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலைக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் மாலை அவர் தன் ஆட்களுக்கு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும்.